நாய் இருக்கும் வீட்டுக்கு ஃபெரெட் வருகிறதா? இப்படிப் பழக்குங்கள்

ஃபெரெட் என்ற சிறிய மாமிச உண்ணிப் பிராணியை வளர்க்க ஆசைப்படும் நாய்க்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்க நாய் ரொம்ப சாது, நேரா விட்டுப் பார்க்கலாமா?" வேண்டாம். சாதுவா முரடா என்பது இங்கே பேச்சே இல்லை. கீரிப்பிள்ளை மாதிரி வளைந்து நெளிந்து ஓடுகிற, ஒன்றிரண்டு கிலோகூடத் தேறாத ஒரு பிராணியைக் கண்டால் துரத்தத் தோன்றுவது நாயின் பிறவிக்குணம். துரத்தத் தோன்றும் அந்த நொடியிலும் நீங்கள் கூப்பிட்டால் அது உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நாம் பழக்கப்போவது அதைத்தான், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

வாங்கும் முன்பே முடிக்க வேண்டியவை

உங்கள் நாயை நேர்மையாக எடைபோடுங்கள். எலி, முயல் போன்றவற்றைக் கொல்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை டெரியர்கள். கிரேஹவுண்ட் போன்றவை ஓடுவது எதுவானாலும் பின்னால் பாயும். அதற்காக அந்த இனங்களே ஆகாது என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஃபெரெட்டை முயல் வளைக்குள் விட்டு, வெளியே வேட்டை நாயை நிறுத்தும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. அந்த நாய்கள் முயலைப் பிடிக்கும், ஃபெரெட்டைத் தொடாது, ஏனென்றால் அப்படிப் பழக்கியிருப்பார்கள். ஆனால் உங்கள் நாய் ஏற்கெனவே பூனையையோ அணிலையோ பிடித்துக் கொன்றிருந்தால், என் கருத்தில் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

பெயர் சொன்னால் திரும்புவது, "விடு" என்றால் விடுவது, "இரு" என்றால் இருப்பது, இந்த மூன்றும் நாய்க்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். ஃபெரெட் வந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் தடுப்பூசி. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிதிலும் அரிது. அதனால் இரண்டுக்குமே டிஸ்டெம்பர், ரேபிஸ் ஊசிகள் போட்டிருக்க வேண்டும். நாய்க்குப் போடும் டிஸ்டெம்பர் ஊசிகளில் சில ஃபெரெட்டுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஃபெரெட் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடிப்பிடியுங்கள். உண்ணி மருந்தும் அப்படித்தான், நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று ஃபெரெட்டுக்குத் தடவிவிடாதீர்கள். கலிஃபோர்னியா, ஹவாய் போன்ற சில இடங்களில் ஃபெரெட் வளர்க்கவே தடை இருக்கிறது, உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வந்ததும் தனி அறை

முதல் இரண்டு வாரம் ஃபெரெட் தனி அறையில் இருக்கட்டும், கதவு சாத்தியே இருக்கட்டும். ஏதாவது நோய் இருந்தால் வெளியே தெரிய அவகாசம் கிடைக்கும், புது இடமும் அதற்குப் பழகிவிடும். கூண்டுக் கம்பிகளின் இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும், தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேல் தூங்கும் பிராணி இது, அசையாமல் கிடக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

முதலில் மூக்கு, பிறகுதான் கண்

ஃபெரெட் படுத்த துணியை நாயின் பக்கத்தில் போடுங்கள், நாயின் விரிப்பிலிருந்து ஒரு துணியை ஃபெரெட்டுக்குக் கொடுங்கள். நாய் முதலில் துணிக்குள் மூக்கை நுழைத்து, உஸ் உஸ்ஸென்று மோந்துகொண்டே இருக்கும். மோந்துவிட்டுத் தானாக நகர்ந்து போனால் உடனே ஒரு ட்ரீட் கொடுங்கள். துணியைக் கவ்வி உதறினால் "விடு" சொல்லி வாங்கிவையுங்கள், மறுநாள் மறுபடி. துணி கிடந்தும் நாய் கண்டுகொள்ளாமல் படுத்திருக்கிறது என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், அதற்கு முன் வேண்டாம்.

கூண்டு வழியாகப் பார்வை

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். நாயை நன்றாக நடத்தி, ஓடவிட்டு, களைத்த பிறகு லீஷில் பிடித்து அறைக்குள் கொண்டுவாருங்கள். கூண்டிலிருந்து நல்ல தூரத்தில் நில்லுங்கள். ஃபெரெட்டைப் பார்க்க வேண்டாம், நாயையே பாருங்கள். வாய் லேசாகத் திறந்து, உடம்பு தளர்ந்து, மோந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தால் சரி. வாய் சட்டென்று மூடி, காது முன்னால் விறைத்து, இமைக்காமல் பார்த்தால், பெயர் சொல்லியும் காதில் விழாதது போல நின்றால், குரைப்பே இல்லாவிட்டாலும் அது வேட்டைப் பார்வை. குரைக்கும் நாயைவிட இப்படிச் சத்தமில்லாமல் உறைந்து நிற்கும் நாய்தான் எனக்குக் கவலை தரும். திட்டாமல் பின்னால் கூட்டிப்போங்கள், உங்களைத் திரும்பிப் பார்க்கும் தூரம் வந்ததும் ட்ரீட் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும், தினமும் செய்யுங்கள், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில நாய்களுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். வீட்டில் இரண்டு மூன்று நாய் இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும், ஒன்று கிளம்பினால் மற்றதும் கூடவே பாயும்.

நேரில் சந்திப்பு

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஃபெரெட்டை மார்போடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் நாயை லீஷில் உட்காரவைக்க வேண்டும். முதலில் ஃபெரெட்டின் பின்பக்கத்தை நாய் மோக்கட்டும், முகத்துக்கு முகம் வேண்டாம். இது சில நாள் அமைதியாக நடந்தால் ஃபெரெட்டுக்கு ஹார்னஸ் (உடலைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டித் தரையில் விடலாம், நாயின் லீஷ் கையிலேயே இருக்கட்டும்.

தரையில் விட்டதும் ஃபெரெட் ஆட்டம் போடும். முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் தவ்வித் தவ்விக் குதித்துக்கொண்டு "டூக் டூக்" என்று சத்தம் கொடுக்கும். அது சண்டை இல்லை, சந்தோஷம். நாய்க்கு அது புரியாது, மிரளலாம் அல்லது பாயலாம். ஃபெரெட் சீறினாலோ கத்தினாலோ, மயிர் சிலிர்த்துத் துர்நாற்றத்தைப் பீய்ச்சினாலோ அது பயம், உடனே தூக்கிவிடுங்கள். இன்னொரு பக்கம், ஃபெரெட்டுக்குத் தோல் தடிமன், தங்களுக்குள் அழுத்திக் கடித்து விளையாடிப் பழகியது, நாயின் குதிகாலையும் தொங்கும் காதையும் அதே மாதிரி கடிக்கும். நாய் பொறுத்துக்கொள்ளும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். காதில் தொங்கும் ஃபெரெட்டை நீங்களே எடுத்துவிட்டால்தான், தானே உதற வேண்டியதில்லை என்று நாய்க்குப் புரியும்.

பழகிய பிறகும்

இரண்டுக்கும் சாப்பாடு தனித்தனி அறையில். ஃபெரெட் முழு மாமிச உண்ணி, நாய் உணவு அதற்குப் போதாது. நாயோ ஃபெரெட்டின் உணவையும் தின்னும், மலத்தட்டையும் துழாவும், தட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். நாயின் ரப்பர் பொம்மைகளை ஃபெரெட் கடித்து விழுங்கினால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும், அதை வெளியே விடும் முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நாயின் மெத்தைக்கு அடியில் புகுந்து தூங்குவதும் ஃபெரெட்டுக்குப் பிடிக்கும், நாய் படுக்கப் போகுமுன் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.

எவ்வளவு நட்பானாலும் இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. வாசல் மணி அடித்தால்கூட முதலில் ஃபெரெட்டைக் கூண்டில் விட்டுத் தாழ் போடுங்கள், கதவைப் பிறகு திறக்கலாம்.