பாராலீகல் படிப்பவர்களுக்கு: பட்டம் வாங்கும் முன் ஒரு போர்ட்ஃபோலியோ

அமெரிக்காவில் பாராலீகல், அதாவது வக்கீலின் மேற்பார்வையில் சட்ட வேலை செய்யும் உதவியாளர், படிப்பில் சேர்ந்திருக்கிறீர்களா? பல கல்லூரிகளில் கடைசி செமஸ்டரில் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு, கொடுத்தால்தான் பட்டம். இதைக் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ் ஃபைலைத் தூசி தட்டியது. மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று, எல்லாம் லேமினேஷனோடு. பேராசிரியை பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இதில் நீங்கள் எழுதியது எங்கே?" என்றார்.

அவர்களுக்கு வேண்டியது உங்கள் கைவேலை. என்னென்ன வைக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், துறை தரும் பட்டியலை முதல் செமஸ்டரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பொதுவாக ரெஸ்யூமே, சட்ட மெமோ (ஒரு சட்டக் கேள்வியை அலசி எழுதும் குறிப்பு), வழக்குச் சுருக்கம், புகார் மனு அல்லது பதில் மனு, எதிர்த்தரப்புக்கு அனுப்பும் எழுத்துக் கேள்விகள், உங்களைப் பற்றிய ஒரு கட்டுரை ஆகியவை இருக்கும்.

மெமோவில்தான் நம்மவர்கள் சறுக்குகிறோம். பிரச்சினை, சட்ட விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்று நான்கு படி. மனப்பாடம் செய்து வளர்ந்த கை, விதியை இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பொருத்திப் பார்ப்பதை இரண்டு வரியில் முடித்துவிடும். கடையில் ஈரத்தரையில் ஒருவர் வழுக்கி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் எவ்வளவு நேரமாகக் கிடந்தது, ஊழியர் யாராவது பார்த்தார்களா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா? மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது.

மேற்கோள் காட்டும் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று வெஸ்ட்லா, லெக்ஸிஸ் போன்ற சட்டத் தேடல் தளங்களில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாட்ஜிபிடி தந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டியதற்காக 2023இல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எழுத்துக் கேள்விகளையும் எண்ணிப் பாருங்கள். ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதி 33இன்படி, தனியாக நிற்கும் துணைக்கேள்விகளையும் சேர்த்து 25தான். அப்புறம் தேதி: இங்கே மாதம்தான் முதலில் வரும். மே 4ஐ நம் பழக்கப்படி 4/5 என்று எழுதினால் ஏப்ரல் 5 ஆகிவிடும். கெடு பார்த்து நடக்கும் தொழிலில் இது சின்னத் தப்பு இல்லை.

இன்டர்ன்ஷிப்பில் தயாரித்த மனுவை வைக்க ஆசை வரும். மேற்பார்வை வக்கீலின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள், அனுமதி கிடைத்தாலும் கட்சிக்காரரின் அடையாளம் தெரியக் கூடாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போதே அதே சிவில் விதிகளில் 5.2, சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி 4 இலக்கம், பிறந்த தேதியில் ஆண்டு, சிறுவர் பெயருக்கு முதலெழுத்து என்று நிறுத்தச் சொல்கிறது. போர்ட்ஃபோலியோவில் அவையும் வேண்டாம். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் மட்டும் போதாது. பெட்டி இருக்கும் இடத்தைச் செலக்ட் செய்து, காப்பி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், பல நேரம் அடியிலிருக்கும் பெயர் அப்படியே வந்து நிற்கும்.

பேராசிரியர் திருத்திய முதல் பிரதியையும் தூக்கி எறியாதீர்கள். முதல் பிரதி, இறுதிப் பிரதி இரண்டையும் கேட்கும் துறைகள் உண்டு, படிப்பு முடிந்ததும் கல்லூரித் தளம் மூடிக்கொள்ளும். உடனுக்குடன் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது? நன்றியுரை வேண்டாம். நான் ஒரு ஃபோன் அழைப்பைப் பற்றி எழுதினேன். "தம்பி, நீ சட்டம்தானே படிக்கிறே, இந்த விசா ஃபாரத்துல எந்தக் கட்டத்துல டிக் பண்ணட்டும்?" என்று தூரத்து உறவில் ஓர் அண்ணன் கேட்டார். வக்கீல் மேற்பார்வை இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்ல பாராலீகலுக்கு இங்கே பொதுவாக அனுமதி இல்லை. அதைச் சொன்னேன், குடிவரவு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று வைத்துவிட்டார். பேராசிரியை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு டிக் போட்டிருந்தார்.