விங்ஸுக்கு வீட்டிலேயே ஒரு காரச் சாஸ்

அரை கிலோ சிக்கன் விங்ஸுக்குக் காஷ்மீரி மிளகாய் 8, குண்டு மிளகாய் 4 போதும். முன்னது நிறத்துக்கு, பின்னது காரத்துக்கு. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இரண்டுமே கிடைக்கும். காம்பைக் கிள்ளி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு 6 பல், வினிகர் 2 டேபிள்ஸ்பூன், வெல்லம் 1 டீஸ்பூன், உப்பு சேர்த்து மையாக அரையுங்கள். ஊறிய தண்ணீர் சில சமயம் கசக்கும், கொட்டிவிடுங்கள்.

வடிகட்டுவது அலுப்புதான். ஆனால் தோலும் விதையும் நாக்கில் தட்டினால் அது சாஸ் இல்லை, சட்னி!

அப்புறம் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில், சிறு தீயில், எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து, ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெய் 25 கிராம் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் நெய்யாகப் பிரிந்து மிதக்கும். எங்கள் வீட்டில் முதல் தடவை அப்படித்தான் ஆனது. காரத்தைக் கொஞ்சம் அடக்குவதும் இந்த வெண்ணெய்தான். மிளகாய்க்குக் காரம் தரும் பொருளான கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது.

விங்ஸை மொறுமொறுப்பாகப் பொரித்து, சாப்பிட உட்காரும்போதுதான் சாஸில் புரட்டுங்கள். நம் ஊர்க் கடல் காற்றில் ஈரம் வேறு, சீக்கிரம் நமத்துவிடும்.