புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? பதற்றத்தில் செய்யக்கூடாத தவறுகள்

பாகங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, பொறுமையாகச் சேர்த்து, கடைசியில் பவர் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான் நன்றாக இருக்கும் மதர்போர்டையும் கெடுத்துவிடுகின்றன. புதுப் பாகம் பழுதாகவே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இணைப்புகளில் பார்த்து விலக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

மூன்று கோளாறுகளை ஒன்றாக நினைப்பது

"ஆன் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குவதுதான் பெரிய தவறு. பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

ஃபேனும் அசையவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம் வரும் பாதையிலோ ஸ்விட்ச் கம்பியிலோ கோளாறு. ஃபேன் அரைச் சுற்று துடித்து நின்றுவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் பெட்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. ஃபேன்கள் சுற்றிக்கொண்டே இருந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் இயங்குகிறது என்று அர்த்தம். ரேம், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேபிள் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கி, எண்ணி வைத்தாற்போல 4 விநாடி கழித்து அணைகிறதா? கேபினட்டின் பவர் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். பட்டனை 4 விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிட வேண்டும் என்பது மதர்போர்டின் வழக்கம். பட்டன் சிக்கியிருந்தால் யாரோ விடாமல் அழுத்துவதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

கேபினட் பட்டனை நம்பி மற்றதையெல்லாம் சந்தேகப்படுவது

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். பவர் கார்டை அடிவரை அழுத்துங்கள். அதே பிளக் பாயிண்ட்டில் வேறொரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். சில எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115-இல் இருந்தால் ஆன் செய்த கணமே எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும். அதைச் சரிபார்க்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது.

இதெல்லாம் சரி என்றால் அடுத்தது ஸ்விட்ச் கம்பி. கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள 9 முனைத் தொகுதியில் சேரும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து இடம். அதில் ஒரு மூலையில், 10-ஆம் இடத்தில், முனை இருக்காது. அந்தக் காலி மூலைதான் உங்களுக்கு அடையாளம். பரவலாக இருக்கும் அமைப்பில், காலி மூலை உள்ள வரிசையில் அதை ஒட்டிய இரண்டு முனைகளும், அதாவது 8-ம் 6-ம், பவர் ஸ்விட்ச்சுக்கு. அதே வரிசையில் அடுத்த இரண்டும், 4-ம் 2-ம், பவர் விளக்குக்கு. எதிர் வரிசையில் 5, 7 ரீசெட். 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு. வேறு அமைப்புள்ள போர்டுகளும் உண்டு, ஆகவே உங்கள் போர்டின் கையேட்டுப் படம்தான் கடைசி வார்த்தை. ஒரு முனை தள்ளிச் சொருகிவிட்டால் பட்டன் வேலை செய்யாது. விளக்குகளுக்கு பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். ஸ்விட்ச்சுக்கு அது கிடையாது, எப்படிச் சொருகினாலும் வேலை செய்யும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. கேபினட்டின் ஸ்விட்ச் கம்பியை உருவிவிட்டு, பவர் ஸ்விட்ச்சுக்கான இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பட்டன் செய்வதும் இதையேதான். ஓடத் தொடங்கினால் கோளாறு பட்டனில். போர்டைத் திட்ட வேண்டாம். அடுத்த முனைகள் மீது நுனி படாமல் கை நிதானமாக இருக்கட்டும்.

பொருந்தாத கேபிளை அழுத்திப் பொருத்துவது

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கேபிளைச் சொருகிவிட்டு பிராசஸருக்கான 8 பின் கேபிளை மறந்துவிடுவது சகஜம், ஏனென்றால் அதன் இடம் போர்டின் மேல் மூலையில், கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றினாலும் பிராசஸர் விழிக்காது.

மறப்பதைவிட மோசமானது, கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளை எடுத்து பிராசஸர் இடத்தில் திணிப்பது. பிராசஸர் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கேபிள் 6+2 ஆகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டிலும் 12 வோல்ட் வரிசையும் தரை (கிரவுண்ட்) வரிசையும் இடம் மாறியிருக்கும். பலத்தைக் காட்டி உள்ளே தள்ளினால் நேரடி ஷார்ட். கேபிள் எளிதாக இறங்கவில்லை என்றால் அது அந்த இடத்துக்கு உரியதல்ல.

கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் போடாதீர்கள். போர்டில் சொருகும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையை ஒவ்வொரு கம்பெனியும், சில சமயம் ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும், தன் இஷ்டப்படி அமைக்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகிவிடும். அதில் இருந்த தரவும் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ் சோதனையில் ஏமாறுவது

24 பின் கேபிளில் 16-ஆம் முனையை, அதாவது பச்சைக் கம்பியை, பக்கத்துக் கருப்புக் கம்பியோடு ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். கிளிப்பைச் சொருகும்போது பின்பக்க ஸ்விட்ச் ஆஃபில் இருக்க வேண்டும், கேபிள் எந்தப் பாகத்திலும் இணைந்திருக்கக் கூடாது. கம்பிகள் எல்லாமே கருப்பாக இருந்தால் முனைகளின் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், குத்துமதிப்பாக வேண்டாம்.

இங்கே இரண்டு விதமாக ஏமாறலாம். சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. அவற்றில் ஃபேன் சுற்றாததை வைத்து பழுது என்று சொல்ல முடியாது. மறுபக்கம், ஃபேன் சுற்றுவதாலேயே நல்ல எஸ்எம்பிஎஸ் என்றும் ஆகிவிடாது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். இன்னும் உபயோகமானது 9-ஆம் முனையின் ஊதாக் கம்பி: பட்டனை அழுத்தாமலே, பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருந்தாலே, அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.75-க்குக் கீழே போனாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேபினட்டுக்குள்ளேயே வைத்துத் தேடுவது

ஃபேன் துடித்து நிற்கும் கோளாறுக்குக் கேபினட்டுக்குள் தலையை விட்டுத் தேடுவது நேர விரயம். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். போர்டைச் சுற்றி வந்த ஆன்டிஸ்டேட்டிக் பையின் மேல் வைக்கக் கூடாது. பல பைகளின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தும். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள்கள் போதும். பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கிராபிக்ஸ் கார்டும் அதற்குரிய கேபிளும்.

வெளியே ஓடிவிட்டால் குற்றவாளி கேபினட்தான். போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண்களை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூண் அதிகமாக நின்றாலும் அது பின்பக்கச் சால்டரில் முட்டி ஷார்ட் ஆக்கும். தூணே போடாமல் போர்டை நேராகத் தகட்டில் முறுக்குகிறவர்களும் உண்டு, அதுவும் ஷார்ட்தான். போர்டின் பின்பக்கத் துளைகளைச் சுற்றிக் கேபினட்டில் பொருத்தும் தகட்டின் சிறு நாக்கு யுஎஸ்பி துளைக்குள் மடங்கிப் போயிருக்கிறதா, முன்பக்க யுஎஸ்பி 3 கேபிளைச் சொருகும்போது முனை ஏதும் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதா, கழன்ற திருகு ஏதாவது போர்டுக்கு அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருப்பதைப் பாதியில் அணைப்பது

டிடிஆர்5 ரேம் போட்ட போர்டு முதல் முறை ஓடும்போது ரேமுக்கு ஏற்ப தன்னைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடங்கள் வரை திரை இருட்டாகவே இருக்கலாம். "படம் வரவில்லையே" என்று அணைத்தால் அடுத்த முறை அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். 10 நிமிடம் விட்டுவிடுங்கள்.

அதற்கு மேலும் வராவிட்டால் போர்டில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டா என்று பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ரேமுக்கு இருபுறமும் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டுகளில் ஒற்றை ரேம் வழக்கமாகப் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அதில் இருக்கட்டும். எஃப் என்று முடியும் இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினால் ஒன்றும் வராது. பிராசஸர் விளக்கு நின்றால், அந்தப் பிராசஸருக்கு எந்த பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பு தேவை என்று போர்டுக் கம்பெனியின் பட்டியலில் பாருங்கள். அதன் பிறகுதான் பிராசஸரைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வளைந்த முனை ஏதும் உண்டா என்று தேட வேண்டும்.

கோளாறு பிடிபட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, ஒரு பாகம் மாட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி அணைத்து, அடுத்ததை மாட்டுங்கள். எதை மாட்டிய பிறகு மறுபடி நிற்கிறதோ அதையும், அப்போது எரிந்த விளக்கையும் எழுதி வைத்துக்கொண்டால் வாரண்டிக்குப் போகும்போது அந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்துப் போகலாம்.