பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகம்: விருதுப் பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது?

பிள்ளைக்குப் பதினான்கு பதினைந்து வயது, ஆங்கிலத்தில் நாவல் படிக்க ஆசைப்படுகிறது, எதை வாங்கிக் கொடுப்பது என்று புரியவில்லையா? அமெரிக்க விருதுப் பட்டியல்களில் இருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அட்டையில் தங்க முத்திரை தெரிந்த உடனே பில் போட்டுவிடாதீர்கள். அது எந்த விருது, எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் பலருக்கும் தெரிந்த பெயர் நியூபெரி. 1922-லிருந்து கொடுக்கிறார்கள், ஆனால் அது 14 வயது வரையிலான சிறுவர்களுக்கான புத்தகங்களுக்கு. 12 முதல் 18 வரை என்றால் தேட வேண்டியது மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் பள்ளி நூலகராக இருந்தவர் அவர். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு அவர் பெயரில் 2000-லிருந்து கொடுத்து வருகிறது. முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளியான புத்தகங்களில் ஒன்றுக்கு விருது, அதோடு பரிசுக்கு அடுத்த நிலையில் பாராட்டுப் பெறும் 'ஹானர்' புத்தகங்கள் அதிகபட்சம் நான்கு.

இந்த விருதின் விதிகளில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புத்தகம் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைப் பார்க்க மாட்டார்கள், நல்ல கருத்து சொல்கிறதா என்பதையும் பார்க்க மாட்டார்கள், எழுத்துத் தரம் மட்டும்தான் கணக்கு. சர்ச்சைக்குரிய விஷயம் இருக்கிறதே என்று ஒதுக்குவதும் கிடையாது. முதல் ஆண்டு பரிசு வாங்கிய வால்டர் டீன் மையர்ஸ் நாவலே, கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுப் பையன் தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதுவதுதான். நீதிக்கதை மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். அதனால் பரிசு பெற்றதை மட்டும் பார்க்காமல் ஹானர் புத்தகங்களையும் சேர்த்து, நான்கைந்து ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பிடித்தது பாதி நேரம் ஹானரில்தான் இருக்கும். பழைய ஆண்டுப் புத்தகங்களில் இன்னொரு வசதி, பேப்பர்பேக் வந்திருக்கும், விலையும் குறைந்திருக்கும்.

படக்கதை என்றால் மட்டம் என்று நினைக்கிறவர் வீட்டில் இருந்தால், 2007-இல் ஜீன் லுவென் யாங் எழுதி வரைந்த கிராஃபிக் நாவலே பிரின்ட்ஸ் வாங்கியது என்று சொல்லுங்கள்.

பிள்ளையின் ரசனை வேறு பக்கம் என்றால் அதே சங்கத்தில் வேறு விருதுகளும் உண்டு. முதல் புத்தகம் எழுதியவர்களுக்கு வில்லியம் சி. மாரிஸ் விருது. கதையே பிடிக்காது, வரலாறு, அறிவியல்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அபுனைவு விருது. 'இதெல்லாம் சின்னப்பசங்க புக்' என்று சலித்துக்கொள்கிற பதினேழு வயதுக்கு அலெக்ஸ் விருதுகள். பெரியவர்களுக்காக எழுதியவற்றில் இளையோருக்கும் பிடிக்கக்கூடிய 10 புத்தகங்களை ஆண்டுதோறும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சரி, எப்போது தேடுவது? அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் இளையோர் பிரிவில் செப்டம்பரில் 10 புத்தகங்கள் கொண்ட நீள்பட்டியல், அக்டோபரில் 5, நவம்பரில் பரிசு. இந்தப் பிரிவில் சிறுவர் புத்தகங்களும் கலந்து வரும், ஒவ்வொன்றுக்கும் பதிப்பாளர் போட்டிருக்கும் வயதைப் பார்த்துவிடுங்கள். நூலகச் சங்க விருதுகளை ஜனவரி வாக்கில் ஒரே நாளில் அறிவிக்கிறார்கள், நேரலையாகவும் பார்க்கலாம். அறிவித்த வாரத்தில் பரிசுப் புத்தகத்துக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு, கொஞ்சம் பொறுத்து வாங்கினால் நல்லது. அதற்குள் மின்நூல் கடையில் இலவச மாதிரியாகக் கிடைக்கும் முதல் அத்தியாயத்தைப் பிள்ளை படித்துப் பார்க்கட்டும், பத்துப் பக்கத்தில் ஒட்டவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், பிள்ளைக்கு ஒரு எழுத்தாளரைப் பிடித்துப்போய் அதே மாதிரி இன்னும் வேண்டும் என்று கேட்டால், மார்கரெட் ஏ. எட்வர்ட்ஸ் விருதுப் பட்டியலைப் பாருங்கள். அது தனி ஒரு புத்தகத்துக்கானது அல்ல, எழுத்தாளருக்கானது. 2004-இல் உர்சுலா லெ குவின், 2011-இல் டெர்ரி பிராட்செட் வாங்கினார்கள். அவர்களுடைய எந்தெந்தப் புத்தகங்களுக்காகக் கொடுத்தார்கள் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.