கறுப்பு கவுன், பச்சைப் புல், நடுவில் ஒரு முகம்

அமெரிக்காவில் பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளைகளை வெளியில் நிறுத்தி ‘சீனியர் போர்ட்ரெய்ட்’ எடுக்கிறேன். பட்டமளிப்பு கவுன் போட்டால் முகம் வெளுத்துவிடும். மரநிழலில் நிறுத்தினால் தாடைக்குக் கீழே பச்சை படியும்.

கவுன் கதை சுலபம். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஃபிரேமில் பாதி கறுப்புத் துணி என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இப்போது வெளிச்ச அளவை நானே வைக்கும் மேனுவலில் போட்டு, முகத்துக்குப் பக்கத்தில் 18 சதவீத கிரே கார்டைப் (விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பல் அட்டை) பிடிக்கச் சொல்லி, ஒரு சின்ன இடத்தை மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டரில் அளக்கிறேன். வெயில் மாறாதவரை அந்த அளவைத் தொடுவதில்லை. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பைத் தனியாகப் பார்ப்பேன். தோலில் பெரும்பாலும் முதலில் அளவு மீறி, விவரம் இழந்து எரிந்துபோவது அதுதான்.

பச்சைதான் படுத்தி எடுத்தது. வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’டில் (நிழலுக்கான அமைப்பு) வைத்தால் நிழலின் நீலம் குறையும், பச்சை அப்படியே நிற்கும். அதிலுள்ள கெல்வின் அளவு நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் நகரும்; பச்சைக்கு டின்ட் என்ற இன்னொரு அளவை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் தள்ள வேண்டும். முழுப் படத்துக்கும் தள்ளினாலோ நெற்றி ரோஸாகிவிடுகிறது, ஏனென்றால் புல்லின் வெளிச்சம் கீழிருந்துதான் வருகிறது. அதனால் புல்லையே மறைத்தேன். கால்மாட்டில், ஃபிரேமுக்கு வெளியே, வெள்ளை ரிஃப்ளெக்டரை விரித்ததும் தாடை தெளிந்தது. அதன்பின் கணினியில், ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஒயிட் பேலன்ஸுக்கு அதே கிரே கார்டைச் சொடுக்கினால் மாநிறம் மாநிறமாகவே வருகிறது. எந்தப் பிள்ளையின் நிறத்தையும் வெளுக்கவைத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை. முழு உருவப் படத்தில் ரிஃப்ளெக்டர் தெரிந்துவிடும். அப்போது புல்லை விட்டுச் சிமென்ட் நடைபாதையில் நிறுத்துவதுதான் வழி.