லென்சுக்கு எவ்வளவு, பாடிக்கு எவ்வளவு: கேமரா வாங்கும் முன் ஒரு கணக்கு

கையில் உள்ள தொகையில் பெரும்பங்கை லென்சுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதற்கு எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) கிடைக்கும் என்று பார்ப்பதே நல்லது. அடுத்த மாடல் வந்தவுடன் பாடியின் மதிப்பு சரிந்துவிடும். நல்ல லென்ஸோ பல பாடிகளைக் கடந்தும் உழைக்கும். கேனான் 1987-இல் கொண்டுவந்த ஈஎஃப் வகை லென்ஸ்கள், 2018-இல் அறிமுகமான ஆர்எஃப் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) பாடிகளிலும் அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாகத் தானியங்கி ஃபோகஸுடன் இயங்குகின்றன. நிக்கானில் சற்றுக் கவனம் தேவை: உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை அதன் மிரர்லெஸ் பாடிகளுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் பொருத்தினால், கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

விலை ஏறும் வேகத்தில் தரம் ஏறுவதில்லை. எஃப் எண் லென்ஸின் ஒளித் துளையைக் குறிக்கும்; எண் சிறியதானால் துளை பெரிது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 விடும் ஒளியைப்போல் ஏறத்தாழ 1.65 மடங்கைத்தான் எஃப்/1.4 உள்ளே விடும். விலையோ பெரும்பாலும் அதைவிடப் பல படிகள் தாண்டி நிற்கும். இரண்டையும் எஃப்/8-க்குக் குறுக்கி எடுத்த படங்களை அருகருகே வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். 70-200 மி.மீ. ஜூமில் எஃப்/2.8-க்கும் எஃப்/4-க்கும் இடையே ஒரே ஒரு ஸ்டாப்தான் (ஒளி இருமடங்காகும் ஒரு படி) வேறுபாடு. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 800-இலிருந்து 1600-க்கு உயர்த்தினால் வெளிச்சக் குறைவு ஈடாகிவிடும். ஆனால் பின்னணி மங்கலை ஐஎஸ்ஓவால் ஈடுகட்ட முடியாது என்பதால், மண்டபத் திருமணங்களையும் உள்ளரங்க விளையாட்டுகளையும் தொழிலாக எடுப்பவருக்கு எஃப்/2.8 வீண்செலவாகாது. பகலில் ஊர் சுற்றிப் படம் எடுப்பவர் எடையையும் எண்ணிப் பார்க்கட்டும்: கேனானின் ஈஎஃப் 70-200 எஃப்/4 ஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வகை) முதல் பதிப்பு 760 கிராம், எஃப்/2.8 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். சுமக்க அலுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகும் லென்ஸ், எவ்வளவு தரமானதாக இருந்தாலும் ஒரு படமும் தராது.

பழைய பொருள் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். லென்ஸின் ஒரு முனையிலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்தி மறுமுனையில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது மிகச் சாதாரணம். சுத்தம் செய்தாலும், பூஞ்சை அரித்த மேற்பூச்சு திரும்பாது. ஆகவே பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். ஒளித் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. பாடியில் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதைக் கேளுங்கள்: தொடக்கநிலை மாடல்கள் பலவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயங்கும் என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. பொருளிலுள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிக்கனம் கூடாத இடம் மெமரி கார்டு. அசல் போலவே அச்சிட்ட போலிகள் மலிந்திருப்பதால், நம்பகமான கடையில் பில்லோடு வாங்கி, முதல் நாளே முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள். கேமராப் பை, லென்ஸ் மூடி, ஸ்ட்ராப் போன்றவற்றில் மலிவானதே போதும். லென்ஸ்களை உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது சிறப்பு. அதற்கு வசதியில்லாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அது நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

அடுத்த லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன், இதுவரை எடுத்த படங்களின் விவரக் குறிப்பில் எந்தக் குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. அளவு) அதிகம் வருகிறது என்று பாருங்கள். அந்த அளவுக்குரிய லென்ஸை முதலில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் இடத்திலேயே, அதே வெளிச்சத்தில் பயன்படுத்திப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.