பழைய வீட்டு மண்ணுக்குள் எண்ணெய்த் தொட்டி: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், சமையலறையைப் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். தோட்டத்து மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்பவர் குறைவு. 1950, 60களில் கட்டிய வீடுகள் பலவற்றில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்தான் எரிந்தது. 550 கேலன், 1,000 கேலன் இரும்புத் தொட்டிகளை மனையிலேயே புதைத்தார்கள். பிறகு எரிவாயு இணைப்பு வந்தது. பல தொட்டிகள் அப்படியே கிடந்துவிட்டன.

எனவே, "இங்கே காஸ்தான், தொட்டி இருக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். வெளிச்சுவரோரம் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயும், பேஸ்மென்ட் சுவரில் வெட்டி நசுக்கிவிட்ட மெல்லிய செம்புக் குழாயும் பழைய தொட்டியின் அடையாளங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும், சில நூறு டாலர் செலவழித்து உலோகம் காட்டும் கருவியாலோ ரேடாராலோ மனையைத் தேடச் சொல்லுங்கள். கிரயம் முடிந்தபின் கசிவு தெரியவந்தால், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். மாசுக்கு இழப்பீடு கிடையாது என்று சொல்லும் வீட்டுக் காப்பீடுகள் பல; பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

"மணல் நிரப்பி மூடியாயிற்று" என்று விற்பவர் சொன்னால் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் தவறு. எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அதனால் தொட்டியின் அடிப்பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. வெளியே ஈரமண்ணும் அதையே செய்கிறது. குண்டூசி அளவு ஓட்டை போதும். மணல் கொட்டுவதற்கு முன்பே கசிந்த எண்ணெய், மண்ணிலும் சில இடங்களில் நிலத்தடி நீரிலும் இருக்கும். அப்போது மண் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்களா? நகராட்சிக் கட்டட அலுவலகம் தந்த அனுமதி எங்கே? அந்த ஆவணங்களை நகராட்சியிடம் பொது ஆவணச் சட்டப்படி நீங்களே கேட்டு வாங்கலாம். தாள் இல்லையென்றால் மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அனுமதி இல்லாமல், குறைந்த கூலிக்கு, சத்தமில்லாமல் தோண்டி எடுத்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். மிச்ச எண்ணெயை உறிஞ்சி, உள்ளே சுத்தம் செய்து, ஆய்வாளர் பார்த்த பிறகே குழியை மூட வேண்டும். கசிவு தெரிந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே அறிவிப்பது கட்டாயம். கசிவைச் சுத்தம் செய்யும் வேலை முடிந்ததும் துறை தரும் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பேஸ்மென்டில் இருந்த தொட்டியை எடுத்துவிட்டு, வெளியே எண்ணெய் ஊற்றும் குழாயை விட்டுவைத்த வீடுகள் உண்டு. முகவரி தவறி வந்த லாரி அந்தக் குழாயில் எண்ணெயை ஊற்ற, பேஸ்மென்ட் முழுக்க எண்ணெய் நிறைந்திருக்கிறது. தொட்டி போகும் நாளிலேயே அந்தக் குழாயும் போக வேண்டும்.